சுபினுக்கு முன்னே ஒரு மெஹ்லி

(மலாக்காவில் நடந்த ஞாயிறு கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் இசைக்காரரின் வாழ்க்கை. ஆனால் அவர் பாடுவதில்லை. மேடையில் எந்த வாத்தியத்தையும் தொடுவதில்லை. நூறு பேர் வாசிக்கிறார்கள். அவர் ஒருவர் மட்டும் சத்தமே எழுப்பாமல் நிற்கிறார். அதுவும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அவர் பெயர். நிகழ்ச்சி முடிந்ததும் முதல் கைதட்டல் அவருக்கு. இது என்ன நியாயம்?

அவர் பெயர் சுபின் மேத்தா. பம்பாயில் 1936 ஏப்ரல் 29-ஆம் நாள் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். மான்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், டெல் அவிவ், ஃபுளோரன்ஸ், மியூனிக் என்று உலகின் பெரிய இசைக்குழுக்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். இத்தனை ஊர் சுற்றியும் இந்தியக் கடவுச்சீட்டை விடாதவர்.

அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: “பம்பாயில் பிறந்து வியன்னாவில் படித்த ஒரு பார்சிக்காரரைப் பற்றி மலாக்காவில் எதற்கய்யா பேச்சு? நம்ம ஆள் ஒருவரைப் பற்றிப் பேசக்கூடாதா?” நல்ல கேள்வி. நம்ம ஆள் ஒருவர் இந்த வேலையில் ஏன் இவ்வளவு அரிதாக வருகிறார் என்று கேட்கத்தான் இந்தப் பேச்சே. அதற்கு விடை சுபின் மேத்தாவின் வாழ்க்கையில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய தந்தையின் வாழ்க்கையில் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. எல்லோரும் கையை எடுங்கள். நான் கையை உயர்த்திக் கீழே இறக்குவேன். இறங்கும்போது ஒரே ஒரு தட்டு. தயாரா? ... பார்த்தீர்களா? சடசடவென்று மழை விழுந்த மாதிரி சிதறிவிட்டது. இன்னொரு முறை. இந்த முறை கையை உயர்த்தும் வேகத்தைக் கவனியுங்கள், கை இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம். ... ஆ! இப்போது ஒரே அடி. என்ன மாறியது? நான் வாயே திறக்கவில்லை. கை மேலே போன வேகத்திலேயே அது எப்போது கீழே வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இசைக்குழு நடத்துநரின் வேலையில் பாதி அந்த மேல்நோக்கிய அசைவில்தான் இருக்கிறது. ஓசை பிறப்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட வேண்டும்: எவ்வளவு வேகம், எவ்வளவு பலம், எந்தக் குணம்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தை இங்கே கேட்காதவர் இருக்க முடியாது. மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம். கைப்பேசி மணியாகக்கூட வந்துவிட்டது. ஆனால் எழுதிய தாளைப் பார்த்தால், அந்தச் சிம்பொனி ஸ்வரத்தில் தொடங்கவில்லை. ஒரு சிறிய மௌனத்தில் தொடங்குகிறது. முதலில் அரை அடி இடைவெளி, அதற்குப் பிறகுதான் அந்த மூன்று ஸ்வரம். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று தந்திக்கருவிகள் அனைத்தும், அவற்றோடு கிளாரினெட்டும் ஒரே கணத்தில் பாய வேண்டும். கேட்காத ஓர் அடியை ஐம்பது அறுபது பேர் ஒன்றாக உணர்ந்து, அதிலிருந்து ஒன்றாகக் குதிக்க வேண்டும். அந்த மௌனத்தைக் கையால் காட்டுவது யார்? சத்தம் எழுப்பாத அந்த மனிதர்தான். இசைக் கல்லூரி மாணவர்கள் இந்த ஒரு தொடக்கத்தை நினைத்தே நடுங்குவார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வீணை கற்கும் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாதகம் பண்ணலாம். மிருதங்கக்காரன் தொடையிலேயே தட்டிப் பழகலாம். நடத்துநராக விரும்பும் பிள்ளை எதை வைத்துப் பழகுவான்? கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டலாம். கண்ணாடி தப்பாக வாசிக்காது, தாமதமாக நுழையாது, முறைத்துப் பார்க்காது. அவனுடைய வாத்தியம் மற்ற மனிதர்கள். அந்த வாத்தியத்தைக் கடையில் வாங்க முடியாது. யாராவது முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும்.

சுபினுக்கு யார் கட்டி வைத்தார்கள்? அவருடைய தந்தை மெஹ்லி மேத்தா.

மெஹ்லி 1908-இல் பிறந்தவர். வயலினைப் பெரும்பாலும் தன் முயற்சியிலேயே கற்றவர். 1930-களின் பம்பாயை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆட்சி. மேற்கத்திய இசை என்றால் கிளப்பில் நடனம், தேவாலயத்தில் ஆர்கன், அணிவகுப்பில் பேண்டு. அந்த ஊரில் 1935-இல் ஒரு சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்குகிறார் மெஹ்லி. யாரை வைத்து? கோவாவிலிருந்து வந்து பிழைப்புக்காக வாசித்துக்கொண்டிருந்த இசைக்கலைஞர்களை வைத்து. பார்சி வீடுகளில் பொழுதுபோக்காகப் பயின்றவர்களை வைத்து. ஊதுகருவிக்கு ஆள் பற்றாக்குறையா? கடற்படை பேண்டிலிருந்து அழைத்துக்கொள். இப்படி ஒட்டுப்போட்டுத் தைத்த குழு அது. வியன்னாவோடும் பெர்லினோடும் ஒப்பிட்டால் சாதாரணக் குழு. அதைப் பிற்பாடு மகனே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தச் சாதாரணக் குழு எங்கே ஒத்திகை பார்த்தது, எங்கே சண்டை போட்டது, யார் வரவில்லை, யார் தந்தி அறுந்தது என்ற பேச்செல்லாம் அந்தப் பையனின் வீட்டில் நடந்தது. தேய்ந்துபோன இசைத்தட்டுகளும், மடித்து வைத்த இசைத்தாள்களும், வாத்தியக்காரர்களும் நிறைந்த வீடு. அந்தக் கூச்சலுக்கு நடுவில் வளர்ந்தான் பையன்.

தந்தைக்கோ தன் கையில் திருப்தியில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் மனைவி மக்களைப் பம்பாயில் விட்டுவிட்டு நியூயார்க் போனார், இவான் கலாமியன் என்ற பெரிய வயலின் ஆசானிடம் கற்றுக்கொள்ள. வயது நாற்பதை நெருங்கும்போது ஒரு குடும்பஸ்தன் மாணவனாகப் போகிறார்! நம் ஊரில் நாற்பது வயதில் புதிதாக ஏதாவது கற்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

திரும்பி வந்த மெஹ்லி ஒரு காரியம் செய்தார். பையன் பதின்ம வயதைத் தொட்டதும், இசைக்குழுவின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து ஒத்திகை நடத்த விட்டார். பதினாறு வயதில் முழுக் குழுவையும் ஒத்திகையில் நடத்த விட்டார். நரைத்த மீசைக்காரர்கள் முன்னால் மீசை முளைக்காத பையன். அவர்கள் முகத்தில் என்ன ஓடியிருக்கும்! அவன் தப்பு செய்தால் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தப்பு செய்தால் அவன் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் இந்தப் பாடம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதற்குப் பிறகும் அம்மாவின் ஆசை டாக்டர். செயின்ட் சேவியர் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு இரண்டு ஆண்டு. இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் பாதி வீடுகளில் நடந்த, நடக்கிற கதை. 1954-இல், பதினெட்டு வயதில், மருத்துவத்தை விட்டுவிட்டு வியன்னாவுக்குக் கிளம்பினார் சுபின்.

வியன்னாவில் அவருக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. மூசிக்ஃபெராயின் மண்டபத்தில் கார்ல் பேம் நடத்த, வியன்னா பில்ஹார்மோனிக் பிராம்ஸின் முதல் சிம்பொனியை வாசித்தது. அதுவரை அந்த இசையை அவர் அப்பாவின் குழுவிலும் கீறல் விழுந்த இசைத்தட்டிலும்தான் கேட்டிருந்தார். உண்மையான ஒலி எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பிற்பாடு வாழ்நாள் முழுக்க எந்தக் குழுவை நடத்தினாலும் அந்த ஒலியைத்தான் தேடினேன் என்ற பொருளில் அவர் பல இடங்களில் பேசியிருக்கிறார்.

ஆசான் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. கண்டிப்பான மனிதர். கையை வீசி நாட்டியம் ஆடுவது அவருக்குப் பிடிக்காது. தாளைப் படி, கட்டமைப்பைப் புரிந்துகொள், அப்புறம் கையைத் தூக்கு என்பார். ஒரு நடத்துநரின் தாளில் இருபது வரிகளுக்கு மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். மேலே புல்லாங்குழல், நடுவில் கொம்பு, கீழே டபுள் பேஸ். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்து மனத்துக்குள் கேட்க வேண்டும். கூடவே சுபின் டபுள் பேஸ் வாசிக்கவும் கற்றார். குழுவின் கடைசி வரிசையில் நின்று வாசித்தால்தான் நடத்துநர் அங்கிருந்து எப்படித் தெரிகிறார் என்பது புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று. அந்தக் காலத்தில் பெரிய நடத்துநர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். சுபினும் அவர் தோழர் கிளாடியோ அபாடோவும் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடகர் குழுவில் சேர்ந்தார்கள்! இருவரும் பெரிய பாடகர்கள் அல்லர். ஆனால் பாடகர் குழு நிற்பது மேடையின் பின்னால், நடத்துநரின் முகத்துக்கு நேரே. புரூனோ வால்டர், காரயான் போன்றவர்களின் கண்ணையும் கையையும் எதிரே நின்று பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த அந்த அபாடோ பின்னாளில் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைமைக்கே போனார். இப்படிப்பட்ட திருட்டை நம் பிள்ளைகள் செய்தால் நான் மாலை போட்டு வரவேற்பேன்.

1956-இல் ஹங்கேரியில் புரட்சி. அகதிகள் ஆஸ்திரிய எல்லையைக் கடந்து வந்தார்கள். சுபின் ஏழே நாளில் மாணவர்களைத் திரட்டி ஓர் இசைக்குழு அமைத்து, வியன்னாவுக்கு வெளியே ஓர் அகதி முகாமில் நிகழ்ச்சி நடத்தினார். ஏழு நாள்! அப்பாவிடம் அவர் கற்றது வயலின் மட்டுமில்லை என்று தெரிகிறதா? ஆளைக் கூட்டுவது, உட்கார வைப்பது, தாளைப் பங்கிடுவது, வாசிக்க வைப்பது. மெஹ்லி பம்பாயில் செய்த அதே வேலை.

அதற்குப் பிறகு வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெற்றிகளின் பட்டியல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். 1958-இல் லிவர்பூலில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. அதன் பிறகும் உடனே கதவு திறந்துவிடவில்லை. அவரைத் தூக்கிவிட்டவை மாற்று ஆளாகப் போன மேடைகள். மான்ட்ரியலில் இகோர் மார்க்கெவிச்சுக்குப் பதில். லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதில். இஸ்ரேலில் யூஜின் ஓர்மாண்டிக்குப் பதில். பெரியவர்கள் வர முடியாத மாலைகளில் இந்த இளைஞன் தாளை மனப்பாடம் செய்துகொண்டு தயாராக நின்றான். 1961-இல் மான்ட்ரியல் இசைக்குழு அவருடையது. 1962-இல் லாஸ் ஏஞ்சலஸும் அவருடையது. வயது இருபத்தாறு. இரண்டு பெரிய குழுக்களையும் ஒரே காலத்தில் சில ஆண்டுகள் நடத்தினார்.

லாஸ் ஏஞ்சலஸில் பதினாறு ஆண்டு. அந்த ஊர்க்காரர்கள் சினிமாவில் ஊறியவர்கள். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வந்து ஊரே ஆடியபோது, அந்தப் படத்தின் இசையை லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கை வைத்தே நடத்திப் பதிவும் செய்தார் மேத்தா. சினிமா இசையைச் சீமான்களின் மண்டபத்துக்குள் விடலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நம்மிடமும் அந்த முகச்சுளிப்பு உண்டு அல்லவா? 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக். அந்தக் குழுவின் இசை இயக்குநர்களில் அவ்வளவு நீண்ட காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை. அங்கே பத்திரிகை விமர்சகர்கள் அவரைச் சும்மா விடவில்லை. பகட்டு அதிகம், நுணுக்கம் குறைவு என்று எழுதினார்கள். சில பதிவுகளைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் 1975-இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு அவர் பதிவு செய்த மாலரின் இரண்டாம் சிம்பொனியைக் கேட்டுவிட்டு யாரும் அவரை இலேசாகப் பேச முடியாது.

பந்து விளையாடும் தம்பிகளுக்கு ஒரு செய்தி. 1990 உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு முந்தின இரவு, ஜூலை 7, ரோமாபுரியின் பழைய இடிபாடுகளில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடினார்களே, அந்த மேடையில் குழுவை நடத்தியவர் இந்த பம்பாய்க்காரர்தான். நான்கு ஆண்டு கழித்து, 1994 ஜூனில், வேறொரு இடிபாட்டில் நின்றார். குண்டு விழுந்து எரிந்துபோன சரயேவோ தேசிய நூலகம். கூரையில்லாத அந்தக் கட்டடத்தில், முற்றுகைக்குள் சிக்கியிருந்த அந்த ஊர்க் குழுவினரை வைத்தே, மாசார்ட்டின் இறந்தோருக்கான இசையை நடத்தினார்.

சரி, இவர் நம் நாட்டுக்கு வந்திருக்கிறாரா? வருவதாக இருந்தது. 1984-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் ஆசியப் பயணத்தில் கோலாலம்பூரும் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் எர்னெஸ்ட் பிளாக் என்பவரின் ‘ஷெலோமோ’, செல்லோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய படைப்பு. யூதப் படைப்பு என்பதால் அதை நீக்கச் சொன்னது அன்றைய அரசு. முடிவில் கோலாலம்பூர் நிகழ்ச்சியே ரத்தாயிற்று. அரசியலில் அவரவர்க்கு அவரவர் நியாயம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு இந்த நாட்டில் எத்தனையோ சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் வயலினும் பியானோவும் கற்றுக்கொண்டிருந்தார்கள். நம் நிறமுள்ள ஒருவர் நியூயார்க்கின் தலைசிறந்த குழுவின் முன்னால் நிற்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் போனது.

இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கோடு அவருக்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட உறவு. 1981-இல் வாழ்நாள் இசை இயக்குநர் பட்டம் கொடுத்தார்கள். 2019 அக்டோபரில் விடைபெற்றார். நம் நாட்டில் இதைப் பேசும்போது நாக்கு தயங்கும். தயங்காமல் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நாட்டு அரசின் குடியேற்றக் கொள்கையை அவர் வெளிப்படையாகக் கண்டித்தவர். 2009-இல் அங்குள்ள அரபுப் பிள்ளைகளுக்காக நாசரேத், ஷஃபாராம் பகுதிகளில் இசைக் கல்வித் திட்டம் தொடங்கியவர். அரபுப் பிள்ளை ஒருவன் என்றைக்காவது அந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. பூசல் ஓயாத காஷ்மீருக்கும் போனார். 2013 செப்டம்பரில் ஸ்ரீநகரின் ஷாலிமார் தோட்டத்தில் ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழுவோடு நிகழ்ச்சி நடத்தியபோது, உள்ளே அழைக்கப்பட்டவர்கள் மட்டும், வெளியே எதிர்ப்புக் கடையடைப்பு. இசை எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. அங்கே அது ஆறவில்லை.

ஆனால் 2005 டிசம்பர் 26-ஐ நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆழிப்பேரலை வந்த முதலாண்டு நினைவு நாள். நாகப்பட்டினம் முதல் சென்னைக் கடற்கரை வரை தமிழ்க் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அழித்த அலை அது. அந்த நினைவு நாளில், சென்னையில் மார்கழி இசை விழா நடக்கும் மியூசிக் அகாடமி மேடையில், அதே பவேரிய இசைக்குழுவோடு வந்து நின்றார் மேத்தா. மிருதங்கமும் தம்புராவும் வைக்கும் மேடையில் டபுள் பேஸ்கள் வரிசையாக நின்றன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மேற்கத்திய இசைக்கும் தமிழனுக்கும் என்ன தூரம்? ஒன்றுமே இல்லை என்கிறது சரித்திரம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரனிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை அரண்மனையில் சரபோஜி காலத்திலேயே பேண்டு வாத்தியம் முழங்கியது. இருநூறு ஆண்டில் வயலின் எவ்வளவு நம்முடையதாகிவிட்டதென்றால், அது சீமையிலிருந்து வந்தது என்று சொன்னால் பாட்டிமார் நம்பமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிய ஒரு பையன், எல். சுப்பிரமணியம், 1985-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு தன் படைப்பை வாசித்தார். அன்று நடத்தியவர் யார்? சுபின் மேத்தா!

ஆக, வாத்தியம் வந்துவிட்டது. வித்துவான்கள் வந்துவிட்டார்கள். இசையமைப்பவர்களும் வந்துவிட்டார்கள். 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. உலகத் தமிழர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். நானும்தான். ஆனால் வாசித்த குழு யாருடையது? லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக். நடத்தியவர் யார்? மிகெல் டோம்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர்கள் நன்றாகச் செய்தார்கள், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் சிம்பொனி எழுதினால் அதை வாசிக்க லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. எட்டுக் கோடித் தமிழர்களிடம் எல்லாம் இருக்கிறது. குழு இல்லை. குழு இல்லாத இடத்தில் நடத்துநர் எப்படிப் பிறப்பார்?

மலேசியாவில் குழு இருக்கிறது. 1998 ஆகஸ்ட் 17-இல் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம் திறந்தது. மலேசிய பில்ஹார்மோனிக் வாசித்தது. முதலில் வாத்தியக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டவர். சிலர் பணம் விரயம் என்றார்கள். ஆனால் ஒரு குழு இருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அதன் நிழலில் 2007-இல் இளையோர் இசைக்குழு மேடையேறியது. ஹரிஷ் சங்கர் என்ற நம் நாட்டு இளைஞர் ஜெர்மனியில் கற்று, அங்கே மைனிங்கன் நகர அரங்கில் இசை நடத்தினார். திரும்பி வந்து நம் பில்ஹார்மோனிக்கையும் நடத்தினார். நண்பர் கேட்ட “நம்ம ஆள்” இதோ இருக்கிறார்.

இனி மலாக்காவுக்கு வருவோம். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் முதலில் நட்ட மண் இது. டான் சாய் யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். இரண்டு ஆண்டு கழித்து புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்தப் பால்மரக் காட்டுக்கு நம் முன்னோர் வந்தார்கள். வந்தவர்கள் கையில் என்ன இருந்தது? லயத்துக்கு லயம் பஜனைக் குழு இருந்தது. விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பகல் முழுக்க மரம் வெட்டிப் பால் தூக்கிய கைகள்தான் வெள்ளிக்கிழமை மாலை ஆர்மோனியப் பெட்டியையும் ஜால்ராவையும் எடுத்தன. தீபாவளிக்கு நாடகக் குழு, திருவிழாவுக்குக் காவடிக் குழு. தோட்டத்துக்கு வெளியே, இந்த மலாக்காப் பட்டணத்திலேயே, காஜா பெராங்கின் மலாக்காச் செட்டிமார் வயலினும் ரெபானா மேளமும் சேர்த்து டொண்டாங் சாயாங் என்ற மலாய்ப் பாட்டைப் பாடினார்கள். அந்த வயலின் யாரிடமும் அனுமதி கேட்டு வந்ததில்லை.

அப்புறம் என்ன நடந்தது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. லயங்கள் இடிந்தன. நாம் தாமான் என்ற குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தோம். வீடு நல்ல வீடு, குறையில்லை. பிள்ளைகள் படித்தார்கள், அதுவும் குறையில்லை. ஆட்கள் இருக்கிறார்கள், பாட்டும் இருக்கிறது. குழு மட்டும் கலைந்துவிட்டது. இன்று நம் பிள்ளை கீபோர்டு வகுப்புக்குப் போகிறது. தனியாகப் போகிறது, தனியாகத் தேர்வு எழுதுகிறது, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறது, வாத்தியத்தை மூடி வைக்கிறது. இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஒரு பாட்டை வாசித்ததே இல்லை!

நான் பார்த்த வரையில் மலாக்காத் தமிழ் இளைஞர்களிடம் இன்று வாராவாரம் கூடி ஒத்திகை பார்க்கும் இசைக்குழு ஒன்றே ஒன்றுதான். உருமி மேளம். சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சத்தம், தகராறு, போலீஸ் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பையன்களைக் கண்டிக்க எத்தனை கூட்டம் போட்டோம்! அவர்கள் வாசிப்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? இருபது பேர் நடந்துகொண்டே அடிக்கிறார்கள். முன்னால் போகிறவன் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறான், இருபது கையும் ஒரே நொடியில் அடியை மாற்றுகிறது. அவன் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஸ்வரோவ்ஸ்கி பார்த்திருந்தால் அந்தப் பையனை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருப்பார். அவனுக்கு நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடுக்க நம்மில் யாராவது முன்வந்தோமா?

மெஹ்லி மேத்தா கடைசி வரை என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். மகன் லாஸ் ஏஞ்சலஸில் புகழின் உச்சியில் இருந்தபோது, தந்தையும் அதே ஊரில் குடியேறினார். 1964-இல் அங்கே இளைஞர்களுக்காக ஓர் இசைக்குழுவைத் தொடங்கி, தொண்ணூறு வயது வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், அதை அவரே நடத்தினார். அங்கே பழகிய பிள்ளைகள் அமெரிக்காவின் பல இசைக்குழுக்களுக்குப் போனார்கள். 2002-இல் காலமானார். உலகம் மகனைத்தான் அறியும். என்னைக் கேட்டால் பெரிய வேலை செய்தவர் தந்தை.

இந்த மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள். ஒரு பள்ளிக்கு இரண்டே பிள்ளைகள் என்றாலும் 42 பேர். பம்பாயில் மெஹ்லி ஒட்டுப்போட்டுத் தைத்தாரே, அப்படித் தைக்க இது போதும். கீபோர்டு பிள்ளைகள், வயலின் பிள்ளைகள், கோயிலில் நாதஸ்வரம் கற்பவர்கள், உருமிப் பையன்கள், தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள். தொடக்க நிலை வயலின் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளின் பையில் இருக்கும் கைப்பேசி அதைவிட விலை அதிகம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். தலைமையாசிரியர்களே, நீங்கள் பள்ளிக்கு இருவரை அனுப்புங்கள். ஓய்வு பெற்ற இசை ஆசிரியர்களே, மாதம் இரண்டு ஞாயிறு கொடுங்கள். கோயில் நிர்வாகத்தினரே, திருமணம் இல்லாத ஞாயிறுகளில் மண்டபத்தைத் திறந்து விடுங்கள், வாடகை கேட்காதீர்கள்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போகும்போது பிள்ளையின் பெயர், பள்ளி, தெரிந்த வாத்தியம் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். எந்த வாத்தியமும் தெரியாதென்றால் அதையும் எழுதுங்கள், அவர்களும் வரலாம்.